குடியிருப்பை மீண்டும் கார் ஷெட் ஆக்கியபோது

குன்னூரில், கோத்தகிரி சாலையிலிருந்து பிரியும் குறுகலான சாலை ஒன்றில், மலைச்சரிவைக் குடைந்து கட்டிய கார் ஷெட் ஒன்று எங்கள் வீட்டுக்கு உண்டு. உள்ளளவு 18 அடி நீளம், 10 அடி அகலம். வீடு அதற்கு மேலே, படிக்கட்டேறிப் போக வேண்டிய உயரத்தில் இருக்கிறது. அம்பாசிடர் கார்கள் ஓடிய காலத்தில் கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய அந்த ஷெட்டை, என் மாமனார் 1990-களில் ஓர் அறையும் சமையல் மேடையும் குளியலறையும் கொண்ட சிறு குடியிருப்பாக மாற்றினார். அப்போது வீட்டில் கார் இல்லை. வாடகை வீட்டுக்கு ஊரில் நல்ல தேவை இருந்தது. பல குடும்பங்கள் அதில் வாழ்ந்து போயின. அண்மையில் அதை நாங்கள் மறுபடியும் கார் ஷெட்டாகவே மாற்றினோம். இதே நிலையில் இருக்கும் மலையூர்க்காரர்கள் பலர் எங்களிடம் விவரம் கேட்டதால், செய்ததையும் செய்தபோது அறிந்ததையும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அத்தைக்கு வயதாகிவிட்டது. சில வேளைகளில் நள்ளிரவிலும் கோயம்புத்தூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. கார் நின்றதோ சாலை வளைவில், மண்மேட்டின் அடியில். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்ப் பகுதியின் மேடுகள் எப்படிச் சரியும் என்பதை 2009 நவம்பரில் இந்த மாவட்டம் கண்டது; அந்த நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மழை தொடங்கிவிட்டால் அந்த மேட்டடியில் கார் நிற்பதே கவலையாக இருக்கும். இரவில் சாலைக்கு வரும் காட்டெருமைகள் காரில் உடம்பைத் தேய்த்துவிட்டுப் போவதும், கரடி நடமாட்டம் இருக்கும் நேரத்தில் அத்தையைக் கைத்தாங்கலாக வளைவு வரை நடத்திச் செல்வதும் இதனோடு சேர்ந்துகொண்டன. வாடகை வருமானத்தை இழப்பதா என்று வீட்டில் நெடுநாள் பேசினோம். சாலை மட்டத்தில், மழை படாத, பூட்டி வைக்கத்தக்க இடம் ஒன்று மலையில் இருக்கும்போது, முதியவர் உள்ள வீட்டுக்கு அது வாடகையைவிடப் பெரிது என்பதே என் முடிவாக இருந்தது. இன்றும் அதில் மாற்றமில்லை.

அப்போது குடியிருந்தவர்கள் ஓர் இளம் தம்பதியரும் அவர்களுடைய பள்ளி செல்லும் மகளும். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது. எங்களிடம் அது இருந்ததால், காலி செய்யும் காலம், முன்பணம் திரும்பும் நாள் ஆகியவற்றில் எந்தக் குழப்பமும் எழவில்லை. ஆனாலும் ஒப்பந்தத்தில் உள்ள கெடுவை மட்டும் பார்க்காமல், குழந்தையின் ஆண்டுத் தேர்வு முடியும் வரை காத்திருந்தோம். வேலைக்கும் அதுவே வசதியாயிற்று. பனி நீங்கி, கோடை மழை வலுக்கும் முன் உள்ள இடைவெளிதான் இந்த மலையில் தரை போடவும் சுவர் திறக்கவும் ஏற்ற காலம். வீட்டைக் காலி செய்யச் சொல்பவர்கள் மாற்று வீடு தேடித் தருவதிலும் துணை நிற்க வேண்டும் என்பது என் கருத்து. மலையில் வாடகைக்கு வீடு கிடைப்பது அவ்வளவு எளிதன்று.

ஆவணங்களைப் பொறுத்தவரை, நீலகிரியில் கட்டுமானத்துக்குச் சமவெளியைவிடக் கட்டுப்பாடுகள் அதிகம். மலைவாழிட நகராட்சிகளுக்கென்று 1993-இல் தனிக் கட்டட விதிகளே வந்தன. மண் வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவர மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நாங்கள் சுவரின் வெளிக்கோட்டை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை, உயரத்தைக் கூட்டவில்லை, சரிவை வெட்டவில்லை. இருந்தாலும், பழைய வரைபடத்தின் நகலுடன் செய்யப்போகும் மாற்றத்தை எழுதி நகராட்சியில் கொடுத்து, ஒப்புகை பெற்ற பின்பே சுத்தியலை எடுத்தோம். வேலை முடிந்ததும் சொத்துவரியை மறுமதிப்பீடு செய்யவும், தனி மின் இணைப்பை ஒப்படைத்து வைப்புத்தொகையைத் திரும்பப் பெறவும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இவை சிறிய வேலைகள்தாம். ஆனால் விட்டுவிட்டால், இல்லாத குடியிருப்புக்கு ஆண்டுக்கணக்கில் வரி கட்டிக்கொண்டிருப்போம்.

மனிதர் வசிக்கும் அறையும் கார் நிற்கும் அறையும் நேர் எதிரான தேவைகளை உடையவை. வசிக்கும் அறை குளிர் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும். காருக்கோ மேலும் கீழும் காற்று ஓட வேண்டும். வசிக்கும் அறையின் தரை மட்டமாகவும் சாலையைவிட உயரமாகவும் இருக்க வேண்டும். கார் ஷெட்டின் தரை வாசலை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். அறைக்குள் நீர்க்கசிவை ஒரு சொட்டும் விடக் கூடாது. ஷெட்டிலோ கசியும் நீருக்கு வழி செய்து கொடுத்தால் போதும். ஆகவே அடைத்த முன்சுவரை இடிப்பது மட்டும் வேலை ஆகாது. வாழ்வதற்காக ஒவ்வொன்றாகச் சேர்த்தவற்றை, சேர்த்த வரிசைக்கு எதிர் வரிசையில், என்ன செய்கிறோம் என்று அறிந்து கழற்ற வேண்டியிருக்கிறது.

அந்த வரிசையில் முதலாவது, குழாய்களும் எரிவாயுவும். சிலிண்டரைக் குடியிருந்தவர்கள் எடுத்துச் சென்றுவிட்டார்கள். சுவரில் இருந்த ரப்பர் குழாயை அகற்றி, துளையை நாங்கள் அடைத்தோம். தண்ணீர்க் குழாயை அறைக்குள் இருக்கும் குழாய் வாயில் அடைப்பதைவிட, வீட்டின் முதன்மைக் குழாயிலிருந்து பிரியும் இடத்திலேயே துண்டித்து மூடி போடுவது நல்லது. இடையில் விடப்பட்ட குழாயில் தேங்கும் நீர் கெடும். என்றாவது சுவருக்குள் கசிந்தால் கண்டுபிடிக்கவும் முடியாது. கழிப்பறை விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கோப்பையின் வளைவில் நிற்கும் சிறிதளவு நீர்தான் செப்டிக் டேங்கின் வாயுவை அறைக்குள் வரவிடாமல் தடுக்கிறது. பயன்படுத்தாத கோப்பையில் அந்த நீர் வற்றிப்போகும். வற்றியதும் வாயு நேராக உள்ளே வரும். அதில் தீப்பற்றும் மீத்தேனும் நச்சுத்தன்மை உள்ள ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். பெட்ரோல் வண்டி நிற்கும் மூடிய இடத்தில் இதை அனுமதிக்கவே கூடாது. கோப்பையைப் பெயர்த்து எடுத்துவிட்டு, கழிவுக் குழாயை வெளியே உள்ள சேம்பரிலேயே (குழாய்கள் சேரும் சிறு குழி) மூடி போட்டு, அதன் மேல் கலவை வைத்து அடைத்தோம். குளியலறையின் தரைத் துளையையும் அவ்வாறே செய்தோம். ஷெட்டின் தரையில் சிந்தும் எண்ணெயும் பெட்ரோலும் செப்டிக் டேங்குக்குப் போனால், கழிவை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் அழிந்துவிடும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

அடுத்து உள்சுவர்கள். மூன்று பக்கமும் பிளைவுட் பலகை அடித்து வண்ணம் பூசியிருந்தது. சரிவை ஒட்டிய பின்பக்கப் பலகையைக் கழற்றிய அன்று, அதன் பின்னால் இருந்த சுவர் முழுவதும் கருமையான பூஞ்சணம் படர்ந்திருந்தது. பலகையின் முகப்பு கடைசி வரை உலர்ந்தே இருந்ததால், முன்னால் நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. பூஞ்சணத்தைச் சுரண்டும் முன் தண்ணீர் தெளித்து ஈரமாக்கச் சொல்ல வேண்டும். உலர்ந்த நிலையில் சுரண்டினால் தூள் காற்றில் கலந்து மூச்சில் ஏறும். வேலை செய்தவர்களுக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுத்தோம். கதவு சன்னல்களைத் திறந்தே வைத்திருந்தோம்.

பூஞ்சணத்துக்கும் கீழே சிமெண்டுப் பூச்சு இருந்தது. அதைத் தட்டிப் பார்த்த மேஸ்திரி ஓரிடத்தில் நின்று, உளியால் ஒரு கையகலத்துக்குப் பெயர்த்தார். பூச்சுக்குப் பின்னே, கருங்கல்லின் நடுவில், சிமெண்டுக் கலவை வைத்து அடைத்த வட்டமான துளை ஒன்று தெரிந்தது.

“அக்கா, இது தண்ணி வடியறதுக்கு அந்தக் காலத்திலேயே விட்ட ஓட்டை. ரூமுக்குள்ள தண்ணி வருதுன்னு யாரோ அடைச்சிருக்காங்க. இதே மட்டத்துல இன்னும் இருக்கும் பாருங்க” என்றார்.

அவர் சொன்னபடியே இருந்தது. பின்பக்கச் சுவர் வெறும் சுவர் அன்று. மேலே உள்ள வீட்டு முற்றத்தின் மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர். தடுப்புச் சுவரை மண்ணின் எடையைவிட அதிகம் சோதிப்பது மண்ணுக்குள் தேங்கும் நீரின் அழுத்தம். 2 மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால், சுவரின் அடிமட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 2 டன் அழுத்தம் விழும். கசிவுத் துளைகள் திறந்திருக்கும் வரை அந்த நீர் தேங்காது. அடைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நீர் வடிந்தால் வேறு என்ன செய்வார்கள்? ஆனால் சுவரின் ஒரு மூலையில் மேலிருந்து கீழாக ஓடிய விரிசலைப் பார்த்தபோது, எத்தனை மழைக்காலங்களை அந்தச் சுவர் அடைபட்ட துளைகளோடு தாங்கியிருக்கிறது என்று எண்ணி உண்மையாகவே கலங்கினேன். அதன் அடியில்தான் ஒரு குழந்தை உறங்கியிருக்கிறது.

உடனே வேலையை நிறுத்தி, கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். சுவர் சாயவில்லை என்பதைத் தூக்குக்குண்டு பிடித்து உறுதி செய்த அவர், துளைகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் 3 அங்குல பி.வி.சி. குழாயைச் சற்று வெளிச்சரிவாகச் செருகி, மண்பக்க வாயில் ஜல்லி நிரப்பச் சொன்னார். ஜல்லி இல்லாவிட்டால் நீரோடு மண்ணும் வந்து குழாயை அடைத்துவிடும். சுவரின் காலடியில், உள்ளேயே, ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால் எடுத்துப் பக்கவாட்டாக வெளி வடிகாலுக்குக் கொண்டுபோனோம். மேலே முற்றத்தில் விழும் மழைநீர் சுவரின் பின்புறம் இறங்காதபடி அங்கேயும் ஒரு வாய்க்கால் கட்டினோம். உண்மையில் மேலே உள்ள இந்த வாய்க்கால்தான் பெரிய வேலையைச் செய்கிறது. துளைகளுக்கு வரும் நீர் அதனால் பாதியாவது குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு. விரிசல் மீது கண்ணாடித் துண்டு ஒன்றைக் கலவை வைத்து ஒட்டியிருக்கிறோம். விரிசல் விரிந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். இதுவரை உடையவில்லை.

சுவருக்கு மறுபடியும் சிமெண்டு பூசாமல் சுண்ணாம்புப் பூச்சே கொடுத்தோம். கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவருக்குள் ஈரம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை மெல்ல வெளியே விடும், சிமெண்டு உள்ளேயே பிடித்து வைக்கும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துத்தான் இறுகும் என்பதால், குன்னூரின் ஈரக் காற்றில் அதற்கு வாரக்கணக்கில் பொறுமை தேவைப்பட்டது. இதைச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் இப்போது குறைவு. கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

முன்பக்கம், பழைய கார் வாசலைச் செங்கல்லால் அடைத்து ஒரு கதவும் சன்னலும் வைத்திருந்தார்கள். வெறும் அடைப்புச் சுவர்தானே, ஒரே நாளில் இடித்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். மேஸ்திரி முதலில் அண்ணாந்து பார்த்தார்.

“சுவரு சும்மா நிக்கல அக்கா. பரணு இது மேலதான் உக்காந்திருக்கு. பரணு மேல தண்ணித் தொட்டி வேற. இதைத் தட்டினா அது தலையில வரும்.”

500 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் அரை டன். மூல வாசலுக்கு மேலே குறுக்காக இருந்த இரும்பு உத்தரமான கர்டர் முகப்புச் சுவரையும் கூரையையும் மட்டுமே தாங்குமாறு போடப்பட்டது. காங்கிரீட் பரணோ பின்னர் வந்த செங்கல் சுவரை நம்பி நின்றது. ஆகவே முதலில் தொட்டியைக் காலி செய்து இறக்கி, பரணுக்குக் கீழே சென்ட்ரிங் ஜாக்கிகள் (தற்காலிக இரும்பு முட்டுகள்) கொடுத்து, பரணைத் துண்டு துண்டாக உடைத்து எடுத்தோம். பிறகு கர்டரின் இருபுறமும் ஜாக்கி நிறுத்திவிட்டு, செங்கல்லை மேல்வரியிலிருந்து கீழாக வரிவரியாகக் கழற்றினோம். அடியிலிருந்து இடிப்பது வேகமாக இருக்கும். ஆனால் மேலே உள்ளது எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. பூச்சுக்குள் மறைந்திருந்த கர்டரின் அடிப்பகுதி துருப்பிடித்து ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தது. கம்பித் தூரிகையால் நல்ல இரும்பு தெரியும் வரை தேய்த்து, மிஞ்சிய கனத்தை அளந்து, போதும் என்று பொறியாளர் சொன்ன பின்புதான் துருத்தடுப்பு வண்ணம் அடித்து ஜாக்கிகளை எடுத்தோம். இருபுறக் கல்லிலும் கர்டர் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். எங்களுடையது 8 அங்குலம் இருந்தது. மூடியிருக்கும் எந்த வாசலைத் திறப்பவர்களும், இடையில் வந்த ஆண்டுகளில் அந்தச் சுவரின் மேல் யார் என்ன ஏற்றினார்கள் என்பதைக் கண்டறியாமல் ஒரு செங்கல்லையும் அசைக்கக் கூடாது.

கூரையில், பொய்க்கூரைப் பலகைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் இருந்தன. உடைத்து இறக்கினால் அதன் நுண்ணிழைகள் நுரையீரலுக்குள் போய் ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் தரக்கூடியவை. தகடுகளை நனைத்து, திருகாணிகளைக் கழற்றி, முழுத் தகடாகவே கீழே இறக்கினோம். துளையிடவோ அறுக்கவோ விடவில்லை. புதிதாக வண்ணம் பூசிய இரும்புத் தகடு போட்டோம்.

இனி தரை. செலவில் பெரும்பகுதியை விழுங்கியது இதுதான். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். குடியிருப்பாக மாற்றியபோது பழைய தரைக்கு மேல் மண் நிரப்பி உயர்த்தி, மட்டமாக டைல்ஸ் பதித்திருந்தார்கள். மேலே நடக்கும்போது தெரியாத வெற்றிடம் டைல்ஸுக்கு அடியில் பல இடங்களில் இருந்தது. கட்டையால் தட்டினால் ஓசை மாறுவதிலிருந்தே அறியலாம். மனிதர் நடமாடத் தாங்கும் அந்தத் தரை, ஒவ்வொரு சக்கரத்திலும் 250 முதல் 350 கிலோ வரை இறக்கும் காரைத் தாங்காது. டைல்ஸ், கலவை, நிரப்பு மண் அனைத்தையும் அள்ளி, பழைய தரை வரை இறங்கினோம். அங்கே கெட்டியான கல் தளம் கிடைத்தது எங்கள் நற்பேறு. அதன் மேல் ஜல்லி பரப்பி, நீர் தெளித்து இடித்து இறுக்கி, பாலித்தீன் விரிப்பு போட்டு, 5 அங்குலக் கனத்தில் எம்20 எனப்படும் வலுத்தரத்தில் காங்கிரீட் போட்டோம். இந்த அளவுள்ள ஷெட்டுக்குச் சுமார் 17 மூட்டை சிமெண்டு ஆகும். நடுவில் குறுக்காக ஒரு பிரிகோடு வெட்டச் செய்தோம். காங்கிரீட் சுருங்கும்போது விரிசல் கண்ட இடத்தில் ஓடாமல் அந்தக் கோட்டிலேயே அடங்கிவிடும்.

சரிவு அறுபதுக்கு ஒன்று. 18 அடி நீளத்துக்கு, பின்சுவரிலிருந்து வாசல் வரை ஏறத்தாழ மூன்றரை அங்குல இறக்கம். இதைக் கண் மட்டத்தில் விடாமல், நீர் நிரப்பிய டியூப் மட்டம் பிடித்து இரு பக்கச் சுவரிலும் நூல் அடித்து வைத்துக்கொள்ள வேண்டும். மழையில் நனைந்து வரும் கார் வடிக்கும் நீர் தானாக வாசலுக்கு ஓடிவிட்டால், ஷெட்டில் பாதி ஈரம் குறையும்.

குளிர்ந்த ஊரில் காங்கிரீட் மெதுவாகத்தான் இறுகும் என்பதைச் சமவெளியிலிருந்து வரும் ஒப்பந்தக்காரர்கள் பல வேளைகளில் கணக்கில் கொள்வதில்லை. வழக்கமான வெப்பநிலையில் 7 நாளில் மூன்றில் இரண்டு பங்கு வலுவும் 28 நாளில் முழு வலுவும் வரும் என்பது பொதுக் கணக்கு. இரவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அந்தக் கணக்கு பின்தங்கும். ஊட்டி, கேத்தி போன்ற உறைபனி விழும் பகுதிகளில் டிசம்பர், சனவரியில் தரை போடாமல் இருப்பதே நல்லது. நாங்கள் பகலில் சாக்கு நனைத்துப் போட்டு, மாலையில் அதன் மேல் தார்ப்பாய் மூடி, இரண்டு வாரத்துக்குத் தண்ணீர் காட்டினோம். 28 நாள் கடந்த பின்பும் ஒரு வாரம் பொறுத்தே காரை ஏற்றினோம். அத்தைக்கு அவசரம் வந்தால் என்ன செய்வது என்று கணவர் அவசரப்பட்டார். அந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

வாசலுக்கு வெளியே சாலை வரை உள்ள ஏற்றத்தைப் பத்துக்கு ஒன்று என்ற சாய்வுக்குள் அடக்கினோம். அதற்கு மேல் செங்குத்தானால் சிறிய கார்களின் அடிப்பகுதி தட்டும்; பாசி படியும் நாட்களில் சக்கரம் வழுக்கும். காங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே குறுக்காக வரிகள் இழுத்துவிட்டோம். ஏற்றம் வாசலைச் சேரும் இடத்தில் முழு அகலத்துக்கும் இரும்புக் கம்பித் தட்டு மூடிய குறுக்கு வடிகால் ஒன்று உண்டு. சாலையில் ஓடிவரும் மழைநீரும் உள்ளிருந்து வரும் நீரும் அதில் விழுந்து பக்கவாட்டில் போய்விடும். தட்டைக் கழற்றக்கூடியதாக வைக்காவிட்டால், சில்வர் ஓக் இலைகளும் மண்ணும் அடைத்து ஒரே பருவத்தில் வடிகால் பயனற்றுப் போகும்.

மின்சாரத்தில், சமையல் மேடைக்கும் கீழ்ச்சுவருக்கும் இருந்த எல்லாப் பிளக்குகளையும் நீக்கினோம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தவழும். தரையருகே உள்ள சுவிட்சில் எழும் சிறு பொறியும் அதற்குப் போதும். இப்போது எல்லா இணைப்புகளும் இடுப்புக்கு மேலேயே இருக்கின்றன. கீசருக்குப் போட்டிருந்த கனமான கம்பியைப் பிடுங்காமல் மார்பு உயரத்தில் 16 ஆம்பியர் பிளக்காக முடித்து, மின்சுமை மிகுந்தால் தானாக அணையும் தனி எம்.சி.பி. சுவிட்சும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பானும் வைத்தோம். பின்னாளில் மின்சாரக் கார் வாங்கினால் மெதுவாகச் சார்ஜ் ஏற்ற அது உதவும். அந்த இணைப்பு இப்போது வீட்டு மீட்டரிலிருந்தே வருகிறது.

குளிருக்காக அடைத்திருந்த காற்றுத் துளைகளைத் திறந்தோம். பக்கச் சுவர்களில் தரையை ஒட்டி இரண்டு, கூரையை ஒட்டி இரண்டு. எலியும் பாம்பும் நுழையாதபடி வலை அடித்திருக்கிறது. கார் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பூட்டிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் இறந்துபோன செய்திகளை மலையூர்களில் நாம் கேட்கிறோம். அங்கே கொல்வதும் இதே வாயுதான். காலைக் குளிரில் இஞ்சினைச் சூடேற்றுவதற்காகக் கதவைச் சாத்தியபடி வண்டியை ஓடவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்; வெளியே எடுத்து நிறுத்தியே ஓடவிடுங்கள். ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் நேரடிக் கதவு உள்ளவர்கள், அந்தக் கதவு இடுக்கின்றிப் பொருந்துமாறும் தானாகச் சாத்திக்கொள்ளுமாறும் செய்ய வேண்டும்.

கதவுக்கு முதலில் ரோலிங் ஷட்டர் போட நினைத்தோம். சுருளும் பெட்டிக்கு ஓரடி உயரம் போய்விடும் என்பதாலும், மூடுபனியில் அதன் சுருள்வில்லும் ஓரப்பட்டையும் விரைவில் துருப்பிடிக்கும் என்று அண்டை வீட்டார் சொன்னதாலும், கால்வனைஸ் செய்த சட்டத்தில் தகடு அடித்து வெளிப்பக்கம் மடங்கும் நான்கு பலகைக் கதவாகச் செய்வித்தோம். அகலத்தை அளக்கும்போது காரின் உடல் அகலத்தை மட்டும் பார்த்தால் போதாது. அம்பாசிடர் ஏறத்தாழ 1.66 மீட்டர் அகலம். இன்றைய சிறிய எஸ்.யூ.வி.க்கள் 1.8 மீட்டரை நெருங்குகின்றன, இருபுறக் கண்ணாடிகளையும் சேர்த்தால் 2 மீட்டரைத் தொடுகின்றன. எங்கள் வாசலில் கதவுச் சட்டம் போக ஏழரை அடி மிஞ்சுகிறது. குறுகிய சாலையிலிருந்து திரும்பி நுழைய அது போதுமானதாக இருக்கிறது. அதற்குக் கீழே என்றால் ஒவ்வொரு முறையும் சிரமம். உள்ளே காரை இடப்பக்கச் சுவரை ஒட்டி நிறுத்துவதால் வலப்பக்கம் அத்தை அமரும் நாற்காலிக்கும், படிக்கட்டுப் பக்கத்துச் சிறு கதவுக்கும் இடம் கிடைக்கிறது. அவர் அங்கே மழை படாமல் அமர்ந்திருப்பார். காரை வாசலுக்கு நகர்த்தியதும், பக்கத்திலிருந்து நிதானமாக ஏறிக்கொள்வார்.

இடிபாட்டைச் சரிவிலோ ஓடையிலோ கொட்டுவது மலையில் பெரும் தீங்கு. நீரோட்டத்தை அடைத்து, அடுத்த மழையில் யாருடைய வீட்டு மேட்டையோ அது சரிக்கும். உடைந்த டைல்ஸையும் பரண் காங்கிரீட்டையும் நொறுக்கி வாசல் ஏற்றத்தின் அடிநிரப்பாகப் பயன்படுத்தினோம். நல்ல செங்கற்களைச் சுத்தம் செய்து அடுக்கிவைத்து, முற்றத்து வாய்க்காலுக்கு எடுத்துக்கொண்டோம். கோப்பை, கழுவுதொட்டி, பலகைகள், கதவு ஆகியவை பழைய பொருள் வாங்குபவரிடம் போயின.

பயன்பாட்டில் கண்ட சில செய்திகளையும் சொல்ல வேண்டும். ஈரக்காலத்தில் நாட்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் கைப்பிரேக் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கைத் தளர்த்திவிடுவது நல்லது. நனைந்த காரின் மேல் உறை போடக் கூடாது; உறைக்குள் தங்கும் ஈரம் திறந்த வெளியைவிட விரைவாகத் துருவைக் கொண்டுவரும். எலிகளுக்கு இஞ்சின் சூடு மிகவும் பிடிக்கும், கம்பிகளைக் கடித்துவிடும். ஷெட்டில் தானியமோ நாய் உணவோ வைக்காமல் இருந்தாலே பாதித் தொல்லை குறைகிறது. உணவுப் பண்டத்தின் மணம் கரடியையும் கதவு வரை அழைத்துவரும் என்பதால் காருக்குள்ளும் தின்பண்டம் எதையும் விட்டுவைப்பதில்லை. மழை தொடங்கும் முன் கசிவுக் குழாய்களைக் கம்பி விட்டுக் குத்தி, மேல் வாய்க்காலையும் வாசல் வடிகாலையும் வாரிவிடுகிறோம். கடும் மழைக்குப் பிறகு எந்தக் குழாயில் எவ்வளவு நீர் வருகிறது, தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்று பார்த்துக் குறித்துவைக்கிறேன். கலங்கி வந்தால் மண் அரிக்கப்படுகிறது என்று பொருள்; அப்படி ஒரு குழாயில் மட்டும் முதல் மழையில் வந்தது, ஜல்லியை மாற்றி நிரப்பியதும் தெளிந்துவிட்டது.